குளியல் தொட்டியில் செருப்புகள்

ஸ்காட்லாந்தில் நாங்கள் போகும் பழைய கல் ஆலயத்துக்குள் மழைநாளில் நுழைந்தால் நனைந்த ஷூக்களின் வாடை வரும். அது என்னை நேராக வளைகுடாவில், அஜ்மானில் ஒரு வில்லாவின் குளியலறைக்குக் கொண்டுபோய்விடும்.

இரண்டாயிரத்துகளின் தொடக்கம். அங்கே விடுமுறை நாளான வெள்ளிக்கிழமைதான் எங்களுக்கு ஞாயிறு. வாடகை வீட்டு ஹாலில் அனுமதியில்லாத ஆராதனை. வாசலில் செருப்பு குவிந்தால் கூட்டம் தெரிந்துவிடுமென்று, வருகிறவர்கள் கழற்றியதைக் கையோடு எடுத்துவந்து குளியல் தொட்டிக்குள் போடுவார்கள். தொழிலாளர் கேம்பிலிருந்து வரும் அண்ணன்மாரின் சிமெண்ட் படிந்த பூட்ஸும் என் வெள்ளை ஷூவும் ஒன்றன்மேல் ஒன்றாக வியர்வை நாறிக் கிடக்க, நாங்கள் ஜன்னலில் மெத்தையைச் சாய்த்து, ஏசியை முழு வேகத்தில் வைத்து, ஆர்மோனியத்தின்மேல் போர்வையைப் போர்த்தி, மூச்சுக்காற்றாலேயே பாடுவோம்.

பாட்டு உச்சத்துக்கு ஏறும்போதெல்லாம் அம்மா என் தோளை அழுத்துவாள். “மெல்லமா பாடு மக்கா, வெளிய கேக்கப்பிடாது.” எனக்குக் கோபம் கோபமாக வரும். தெருவில் கார்க்கதவு சாத்தும் சத்தம் கேட்டால் எல்லோரும் அந்தச் சொல்லிலேயே நிறுத்திவிட்டு, கார் போனதும் அதிலிருந்தே தொடங்குவோம். ஆண்டவருக்காவது கேட்டதோ என்னவோ.

அந்த வில்லாவை இடித்துவிட்டார்களாம்.

இங்கே ஆர்கன் முழங்குகிறது, கிழவர்கள் தொண்டை கிழியப் பாடுகிறார்கள், பெரிய கதவு தெருவைப் பார்த்துத் திறந்தே கிடக்கிறது. போன ஞாயிறு பக்கத்தில் நின்ற என் மகளும் சந்தோஷத்தில் குரலை உயர்த்தினாள். சட்டென்று பாட்டை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அப்போதுதான் கவனித்தேன், என் கை அவள் தோளை அழுத்திக்கொண்டிருந்தது.