குடும்பத்துக்காக நான் வேலையை விடவில்லை

கணவரின் அலுவலகத்தில் ஆட்களை நீக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் முறை எப்போது வருமோ என்று வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. அவருடைய விசாவை ஒட்டி அமெரிக்கா வந்து, பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மென்ட்டில் பல வருஷம் அடைந்து கிடந்த எனக்கு அப்போதுதான் வேலை செய்ய அனுமதி கிடைத்திருந்தது. ரெஸ்யூமே எழுதித் தருவதையே தொழிலாகச் செய்யும் ஃபரீதாவிடம் போனேன்.

அவர் எழுதிக் காட்டியதில், நான் வேலை செய்யாத வருஷங்களுக்கு நேராக ‘குடும்பத்தைக் கவனிக்க வேலையை விட்டார்’ என்று இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நான் எங்கங்க விட்டேன்? விசாவுல வேலை செய்யக் கூடாதுன்னுட்டாங்க. அதையே போடுங்க.”

“எல்லாருக்கும் இப்படித்தாங்க போடுறேன். விசான்னு பார்த்தாலே ரெக்ரூட்டர் ரிஜெக்ட் பண்ணிடுவான்.”

“பண்ணட்டும். சென்னையில டீம் லீடா இருந்தவ நான். பொய் சொல்லித்தான் உள்ள போகணுமா?”

ஃபரீதா மெதுவாக, “என் ரெஸ்யூமேலயும் இதே பொய்தாங்க இருக்கு. நானும் உங்கள மாதிரி வந்தவதான்” என்றார். அந்த வரியை அழித்தார். “சொல்லுங்க, டைப் பண்றேன்.”

‘விசா அனுமதிக்காததால் வேலை செய்யவில்லை’ என்றேன். அப்படியே அடித்தார்.

இன்னும் வேலை கிடைக்கவில்லை. ஒவ்வொரு மெயிலையும் பதறிப் பதறித் திறக்கிறேன். அந்த வரியை எடுத்துவிடச் சொல்கிறார் கணவர். எடுக்கமாட்டேன். அத்தனை வருஷம் என்னிடமிருந்து பிடுங்கப்பட்டது என்று ஓர் இடத்திலாவது எழுதியிருக்கட்டும்.