சர்க்கார் சொன்ன குடும்பம்

என் கணவர் சர்க்கார் உத்தியோகத்திலிருந்து பென்ஷனாகி வீட்டில் உட்கார்ந்த பிறகு எனக்கு இரண்டு விஷயம் பிடிபட்டது. ஒன்று, பொழுது போகாத மனுஷனுக்குக் காப்பி போட்டு மாளாது. இன்னொன்று, அவருடைய குடும்பத்தில் நான் கிடையாது.

காப்பியை விடுங்கள். குடும்பத்தைச் சொல்கிறேன். எங்கள் வீடுகளில் முன்பு மருமக்கள் வழி. ஒருவருடைய சொத்து அவர் பெற்ற பிள்ளைகளுக்குப் போகாது. அக்கா தங்கை மக்களுக்குத்தான் போகும். சட்டம் வந்து அதை மாற்றி வெகுகாலமாகிவிட்டது. சட்டம் மாறினால் மனுஷன் மாறிவிடுவானா? என் கணவருக்குக் குடும்பம் என்றால் அக்காவும் அக்கா மக்களும்தான். நான் கட்டிக்கொண்டு வந்தவள். பொங்கிப் போடுவேன், சண்டை போடுவேன், காய்ச்சலில் பற்றுப் போடுவேன். குடும்பம் என்ற பேச்சு வந்தால் மட்டும் என்னை என் பிறந்த வீட்டுப் பக்கம் தள்ளிவிடுவார். அவர் மனதில் கெட்ட எண்ணமே கிடையாது. அதனால்தான் எனக்குக் கோபம் அதிகம் வந்தது.

அவருடைய அக்காவை நான் மைனி என்பேன். கணவர் இறந்த பிறகு மைனி எங்களோடுதான் இருந்தார். என்னைப் பெண் பார்க்க வந்து, "இந்தக் குட்டி போதும்" என்று முடித்து வைத்ததும் மைனிதான். நெல் அறைச் சாவி மைனியின் இடுப்பில் இருக்கும். எங்களுக்குள் ஒருநாள் சண்டை இல்லையென்றால் இரண்டு பேருக்கும் சோறு இறங்காது.

அந்த வருஷம் இரண்டு பேர் கண்ணிலும் புரை விழுந்தது. எனக்கு ஒரு கண்ணில். மைனிக்கு இரண்டிலும். நான் அரிசியில் கல்லை விட்டேன். மைனி சாமி விளக்கில் எண்ணெய்க்குப் பதிலாக மோரை ஊற்றிவிட்டு, திரி சரியில்லை என்று என்னைத் திட்டினார்.

இப்படி இருக்கும்போது, வடசேரிச் சந்தைக்குக் கத்திரிக்காய் வாங்கப் போன என் கணவர் ஒரு சேதியோடு திரும்பி வந்தார். கத்திரிக்காயை மறந்துவிட்டார். அவரோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் சொன்னாராம்: பென்ஷன்காரருக்கும் குடும்பத்துக்கும் இனிமேல் சர்க்கார் ஆஸ்பத்திரியில் வாடகை இல்லாமல் தனி அறை. பொது வார்டில் யாரும் சும்மா படுக்கலாம். தனி அறை என்பது பெரிய மனுஷர்களின் காரியம்.

"அக்கா, ஒனக்கு கண்ணு ஆப்பரேசன், தனி ரூமுல," என்று நடுவீட்டில் நின்று அறிவித்தார். "எனக்க சர்வீசுக்குள்ள மரியாதையாக்கும்."

"எனக்கு?" என்றேன்.

"ஒனக்கு ஒனக்க அண்ணன் பாப்பாரு. டாக்டருட்ட சொல்லியிருக்கேன், ரெண்டு பேருக்கும் ஒரே நாளு. நீ வார்டுல கெட."

என் அண்ணனுக்கு வாழைக்குலை வியாபாரம். வாழைக்குலைக்கு எந்தச் சர்க்கார் பென்ஷன் தரும்? மனசு கொதித்தது. மைனியோ பெட்டியில் இருந்த நல்ல சேலைகளையெல்லாம் எடுத்து மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் பேர் பதிகிற குமாஸ்தா, குலசேகரம் பக்கத்துக் கிறிஸ்தவப் பையன்; மருமக்கள் வழியெல்லாம் அவனுக்குத் தெரியாது. மைனியைக் காட்டி, "சாருக்க சம்சாரமா?" என்று கேட்டான்.

"எனக்க அக்கா. குடும்பம்."

"சம்சாரம் இல்லியா?"

"அவ இந்தா நிக்கா. அவளுக்கு வார்டு போதும்."

பையன் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "சாரே, உத்தரவுல குடும்பம்னா சம்சாரமும் பிள்ளைகளுமாக்கும். அக்கா வராது. ரூம் இந்த அம்மைக்குத்தான்."

"அது எப்பிடிடே? அக்கா இல்லாம ஒரு குடும்பமா? இவ வேற வீட்டுக்காரியில்லா?"

"வேற வீட்டுக்காரியா? பின்ன ஒங்க வீட்டுல சோறு பொங்குறது ஆரு?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. தாலி கட்டிய மனுஷன் ஒத்துக்கொள்ளாததை, முகம் தெரியாத சர்க்கார் ஒத்துக்கொண்டுவிட்டது! அந்தப் பையன் நன்றாக இருக்கவேண்டும் என்று மனதுக்குள் வாழ்த்தினேன்.

தனி அறையில் இரும்புக் கட்டில், வெள்ளை விரிப்பு, சன்னல் நிறைய வேப்பமரம். கட்டிலில் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தேன். அப்போது வார்டுப் பக்கம் மைனியின் குரல் கேட்டது.

"நான் வீட்டுக்குப் போறேன். கண்ணு போனா போட்டும். ஊருக் கூட்டத்துல எனக்குக் கெடக்க முடியாது."

போய்ப் பார்த்தேன். மைனி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இடுப்புச் சாவியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அது வீம்பு இல்லை, பயம் என்று பார்த்ததுமே தெரிந்தது. இப்போது எழுந்து போனால் மைனி மறுபடி வரமாட்டார். மிச்சப் பார்வையும் போய்விடும்.

அறையை மைனிக்குக் கொடுங்கள் என்று குமாஸ்தாவிடம் கேட்டேன். மாற்றிக் கொடுக்க விதி இல்லை என்றான். நான் போய் என் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து, மைனிக்கு அடுத்த கட்டிலில் போட்டேன்.

"ஏட்டி, ஒனக்கு ரூம் இருக்குல்லா?"

"அங்க தனியா கெடந்து நான் ஆருகூட சண்டை போட?"

சாவியைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. வாடகையில்லாத அறை வீணாகிறதே என்று என் கணவர்தான் வராந்தாவில் நின்று புலம்பினார்.

ஆளுக்கு ஒரு கண்ணில் அறுத்துவிட்டு இரண்டு கண்ணையும் கட்டிவிட்டார்கள். தலை அசையக்கூடாது என்று இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்தார்கள். இருமக்கூடாது, தும்மக்கூடாது, சிரிக்கக்கூடாது. சிரிக்கக்கூடாது என்று சொன்ன பிறகு சிரிப்பு வராமல் இருக்குமா? பக்கத்துக் கட்டில்காரி என்ன குழம்பு சாப்பிடுகிறாள் என்று மோந்து பார்த்துப் பந்தயம் கட்டினோம். நான் தீயல் என்பேன். மைனி புளிக்கறி என்பார். இதற்கும் ஒரு சண்டை. நர்ஸ் வந்து இரண்டு பேரையும் அதட்டினாள்.

கஞ்சி ஊட்டுவது என் கணவரின் வேலை. பென்ஷன் வாங்குகிற கைக்குக் கரண்டி பிடித்துப் பழக்கமில்லை. பாதி கஞ்சி எங்கள் கழுத்தில்தான் போயிற்று. முதல் நாள் பழக்கதோஷத்தில் அக்காவிடம் கிண்ணத்தைக் கொண்டுபோனார்.

"அவளுக்கு மொதல்ல குடுடே," என்றார் மைனி. "அவளாக்கும் சர்க்கார் ஆளு."

வார்டே சிரித்தது. நான் மட்டும் சிரிப்பை அடக்கி, மணல் மூட்டைக்கு நடுவில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

கட்டவிழ்த்த காலையில் எனக்கு முதலில் அவிழ்த்தார்கள். பிறகு மைனிக்கு. டாக்டர் ஒரு தடித்த கண்ணாடியை மைனியின் கண்முன் பிடித்தார். நர்ஸ் என்னைக் காட்டி, "ஆருன்னு தெரியுதா?" என்று கேட்டாள்.

மைனி என்னை உற்றுப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"தெரியாம? எளவு, ஒனக்கு இத்தற நரைச்சுப் போச்சே ஏட்டி!"

"இவங்க ஒங்களுக்கு என்ன வேணும்?"

என் கணவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

"லேய், நீ சும்மா கெட," என்று மைனி அவரை அடக்கினார். பிறகு நர்ஸிடம், "எங்க குடும்பமாக்கும். நான் பாத்துக் கொண்டுவந்தவ," என்றார்.

புதுக்கண்ணில் கண்ணீர் படக்கூடாது என்று டாக்டர் அப்போதுதான் சொல்லி முடித்திருந்தார். எனக்கு நிற்கவில்லை. மைனி கையை நீட்டி, முந்தானையால் என் கன்னத்தை ஒற்றினார்.

"அழாத ஏட்டி. சர்க்கார் தந்த கண்ணாக்கும்."