பிரேக்கை விடாத கால்

இது நடந்தது. என் காரில், என் கண் முன்னால் நடந்தது. நான் கணிதம் படிப்பிக்கிற ஆள். பேய், பிசாசு என்று யாராவது தொடங்கினால் எழுந்து போய்விடுவேன். உங்கள் காதில் பூச்சுற்றி எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. நம்பாவிட்டாலும் பரவாயில்லை... ஆனால் இருட்டிய பிறகு தனியாக இருந்து வாசிக்காதீர்கள்.

என் ஊர் யாழ்ப்பாணம். வேலை பதுளைப் பக்கம், பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில். நானும் மனைவி நிவேதிகாவும் தோட்டத்துப் பழைய குவாட்டஸ் ஒன்றில் வாடகைக்கு இருக்கிறோம். எனக்குக் கார்ப் பைத்தியம். பசறையில் பழைய வாகனம் வாங்கி விற்கிற மர்ஸூக்கிடம் போன வருடம் ஒரு ஸ்டார்லட் டர்போ வாங்கினேன். தொண்ணூறுகளில் வந்த சின்னக் கார். பார்த்தால் பூனை, மிதித்தால் புலி. இடது பக்கக் கதவு மட்டும் வேறு நிறம். ஏன் என்று கேட்டேன். "சின்னத் தட்டு ஒண்டு சேர், கதவுல இடிபட்டுச்சு" என்றார். புலியைக் கண்ட சந்தோசத்தில் நானும் மண்டையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

சனி, ஞாயிறு என்றால் அதன் கீழேதான் கிடப்பேன். டர்போவுக்குப் புதுக் குழாய் போட்டேன். ஷொக் அப்சோபர் மாற்றினேன். கடைசியாக மிச்சமிருந்தது பிரேக். அப்போது நிவேதிகாவுக்கு எட்டாம் மாதம். எங்கள் தோட்டத்திலிருந்து பசறைக்கு இறங்கும் ரோட்டில் பதினொரு கொண்டை வளைவுகள். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். திங்கட்கிழமை காலை அவளைப் பதுளைக்குக் கிளினிக் கூட்டிப்போக வேண்டும். பழைய பிரேக்கை நம்பி அவளை ஏற்ற எனக்கு மனமில்லை. நாலு சில்லுக்கும் பெரிய டிஸ்க் வாங்கி, முதல் நாள் ஞாயிற்றுக்கிழமையே பூட்டினேன்.

பூட்டிய பிறகு எயார் எடுக்க வேண்டும். குழாய்க்குள் காற்று நின்றால் பிரேக் பிடிக்காது. இது இரண்டு பேர் செய்கிற வேலை. ஒருவர் உள்ளே இருந்து பெடலை அமத்திப் பிடிப்பார். மற்றவர் சில்லடியில் குந்தி, அங்கே இருக்கிற சின்ன நிப்பிளைத் திறந்து காற்றை வெளியே விடுவார். "அமத்து" என்றால் அமத்த வேண்டும். நிப்பிளை மூடி "விடு" என்ற பிறகுதான் காலை எடுக்க வேண்டும். இந்த வேலையில் மரியாதைச் சொல்லுக்கு நேரமில்லை.

பெடலுக்கு ஜெயரூபன் வந்தார். தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டுகிறவர், என் சினேகிதர். ஆறடி உயரம். சீட்டைக் கடைசி வரைக்கும் பின்னால் தள்ளித்தான் உள்ளே ஏறினார். கார் தகரக் கொட்டகைக்குள், பின்பக்கம் சுவரைப் பார்க்க நின்றது. அதனால் ஒவ்வொரு முறை அவர் அமத்தும்போதும் பிரேக் லைட் எரிந்து சுவர் சிவக்கும். விட்டால் அணையும்.

நாலு சில்லும் முடிய ஆறு மணி. பெடல் இன்னும் பஞ்சு மாதிரி இருந்தது. பின் இடது சில்லில்தான் காற்று நிற்கிறது என்று நினைத்துத் அதைத் திரும்பவும் கழற்றிவிட்டு அங்கே குந்தினேன். அந்த நேரம் பார்த்து மழை இறங்கியது. கூடவே மூடுபனி. 6.20க்குக் கரண்டும் போயிற்று. டோர்ச் லைட்டை நிலத்தில் வைத்துவிட்டுத் தலையைச் சில்லு இருந்த இடத்துக்குள் விட்டேன். தகரத்தில் விழுந்த மழைச் சத்தத்தில் வேறு ஒன்றும் சரியாகக் கேட்கவில்லை.

"அமத்து!"

சுவர் சிவந்தது.

"ம்..." என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. மெல்லிய சத்தம்.

நிப்பிளைத் திறந்தேன். பிரேக் ஒயிலோடு குமிழி குமிழியாகக் காற்று வந்தது. மூடினேன்.

"விடு!"

அணைந்தது. இப்படியே இரண்டு, மூன்று முறை. வேலை நன்றாகத்தான் போனது. ஒரேயொரு விசயம்தான் உறுத்தியது. நாலாவது முறை நான் வாய் திறக்க முதலே சுவர் சிவந்துவிட்டது. "அவசரப்படாதை!" என்று கத்தினேன். ஐந்தாவது முறையும் அப்படித்தான்.

ஆறாவது முறை காற்றே வரவில்லை. சுத்தமான ஒயில். முடிந்தது. நிப்பிளை இறுக்கினேன்.

"விடு!"

சுவர் சிவப்பாகவே இருந்தது.

"விடு எண்டுறன்!"

சிவப்பு... அசையவில்லை.

"யாரு கூட பேசுறீங்க சேர்?"

குரல் காருக்குள்ளிருந்து வரவில்லை. கொட்டகை வாசலிலிருந்து வந்தது. ஜெயரூபன் நின்றார். தலை முதல் கால் வரை நனைந்திருந்தார். கையில் ஃபோன்.

"நீங்கள்... எப்ப வெளியில போனீங்கள்?"

"கரண்டு போனப்பவே சேர். ஃபோன் வந்துச்சு. இங்க சிக்னல் இல்லன்னு மேட்டுக்குப் போனேன். சொல்லிட்டுத்தானே போனேன்..."

கரண்ட் போன பிறகு ஆறு தரம் பெடல் அமந்திருக்கிறது.

ஜெயரூபன் சுவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் டோர்ச்சைத் தூக்கி வெளிச்சத்தைக் கார்க் கண்ணாடியில் அடித்தேன். உள்பக்கம் முழுவதும் ஆவி படிந்திருந்தது. யாரோ நெடுநேரம் உள்ளே இருந்து மூச்சு விட்ட மாதிரி... ஒன்றும் தெரியவில்லை.

"பேரு சொல்லிக் கூப்பிட்டீங்களா?" ஜெயரூபன் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இல்லை. அமத்து எண்டு மட்டும்தான்..."

"வெளக்கு வச்ச பொறகு நம்ம பக்கம் பேரு சொல்லாம யாரையும் ஏவ மாட்டோம் சேர். யாரு வந்து செய்வாங்கன்னு தெரியாது."

வகுப்பில் பேர் சொல்லாமலே முப்பது பிள்ளைகளை ஏவிப் பழகிய வாய் இது. வேறு நேரமென்றால் சிரித்திருப்பேன்.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து நிவேதிகா கத்தினாள்.

அந்தக் கணமே... பிரேக் லைட் அணைந்தது.

ஓடிப்போனேன். நிவேதிகா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இஞ்சாருங்கோ... ஏலாது... பன்னீர்க்குடம் உடைஞ்சிட்டுது" என்றாள். நிலமெல்லாம் ஈரம். பிள்ளை பிறக்க இன்னும் ஐந்து கிழமை இருந்தது.

தோட்டத்து லொறி ஃபக்டரியில் நின்றது. வேறு வாகனம் இல்லை. அந்தக் கார்தான் இருந்தது. ஜெயரூபனும் நானும் ஓடிப்போய்ச் சில்லைப் பூட்டினோம். அவசரத்தில் நட் இரண்டு தரம் விழுந்தது.

"நீங்க எறங்குங்க சேர். நான் மேட்டுக்குப் போயி, அம்புலன்ஸை பசறையில நிக்கச் சொல்றேன்" என்று ஜெயரூபன் மழைக்குள் ஓடினார்.

நிவேதிகாவைப் பின் சீட்டில் படுக்க வைத்தேன். டிரைவர் கதவைத் திறந்தேன். உள்ளே யாரும் இல்லை. ஏறப் பார்த்தேன், முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது.

சீட் கடைசி வரைக்கும் முன்னால் இழுக்கப்பட்டிருந்தது.

அதைப் பின்னால் தள்ளினேன். பெடலில் கால் வைத்தேன். கல் மாதிரி இறுக்கம். அவ்வளவு நன்றாக எயார் எடுத்திருந்தது. அதை நினைக்க எனக்கு இன்னும் பயம் கூடியது.

7.05க்கு இறங்கத் தொடங்கினோம். முதலாவது கியர். முன்னால் வெள்ளைப் பனியைத் தவிர ஒன்றுமில்லை. பக்கத்துச் சீட் காலி. நான் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

இரண்டாவது வளைவில்தான் கவனித்தேன். நான் மிதிக்க முதலே பெடல் கீழே இறங்குகிறது.

மூன்றாவது வளைவிலும்...

நாலாவதிலும்...

என் காலுக்குக் கீழே அது தானாக அமர்வது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. வாய்க்குள் தேவாரம் சொன்னேன். பாதியில் மறந்துபோயிற்று.

ஏழாவது வளைவு. கரைச் சுவர் உடைந்த இடம். அங்கே பெடல் அடி வரைக்கும் போயிற்று.

கார் நின்றது. எஞ்சின் அணைந்தது.

நான் காலை எடுத்தேன். பெடல் மேலே வரவில்லை.

காலை அடியில் கொடுத்து நெம்பினேன். வரவில்லை.

பின்னால் சுவரோரப் பற்றைச் செடிகள் சிவப்பாகத் தெரிந்தன.

"விடு..." என்றேன். "விடுங்கோ... கும்பிடுறன்... பிள்ளை..." எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஒன்றும் நடக்கவில்லை. மழை மட்டும்...

அப்போது பின்னாலிருந்து நிவேதிகாவின் குரல் கேட்டது. வலியில் துடித்தவள் மிக அமைதியாகப் பேசினாள். கண் மூடியிருந்தது.

"அக்கா... காலை எடுங்கோ. இவர் கவனமாத்தான் ஓடுறார்."

டக்.

பெடல் மேலே வந்தது.

பிறகு பசறை வரைக்கும் எப்படி ஓடினேன் என்று எனக்கே தெரியாது. அம்புலன்ஸ் நின்றது. 9.40க்குப் பதுளையில் மகள் பிறந்தாள். தாயும் பிள்ளையும் சுகம். மறுநாள் நிவேதிகாவிடம் கேட்டேன். "அக்காவோ? எந்த அக்கா?" என்றாள். ஏறியதும் படுத்ததும் தவிர வேறொன்றும் அவளுக்கு நினைவில்லை. நான் அவளுக்கு இன்றுவரை சொல்லவில்லை.

அடுத்த கிழமை மர்ஸூக்கிடம் போனேன். காரைத் திருப்பி எடுக்கச் சொன்னேன். "உண்மையைச் சொல்லுங்கோ. என்ன தட்டு?" என்றேன்.

"கோவப்படாதீங்க சேர். ஒங்கட ரோட்டுலதான். ஏழாவது வளைவு. புருசனும் பொஞ்சாதியும் வந்திருக்காங்க. கார் சுவர ஒடச்சிட்டுக் கீழ போயி, இடது பக்கம் மரத்துல அடிபட்டுச்சு. புருசனுக்கு ஒண்டும் இல்ல. பொஞ்சாதி அந்த எடத்துலயே மவுத்து."

"பிரேக் பிடிக்கேல்லையோ?"

"பிரேக்குல ஒரு கொறையும் இல்ல சேர். பொலிஸும் பாத்துச்சு. ரோட்டுல டயர் இழுபட்ட அடையாளமே இல்ல. அந்த மனுசன் பிரேக் அமத்தவே இல்ல. தூங்கினாரோ, வேற என்னமோ... இப்பவும் அவர் வாயத் தொறக்கல்ல."

பிறகு மர்ஸூக் வீதியைப் பார்த்தபடி சொன்னார்.

"அவவ வெளிய எடுக்க நானும்தான் கதவ வெட்டினேன். அந்தப் பொம்பள ரொம்பக் கட்டை, ஒசரமே இல்ல. சீட்டுல இருந்து சறுக்கி, வலது கால டிரைவர் பக்கம் நீட்டின மாதிரியே கெடந்தா. பிரேக் பெடலுக்கு இன்னும் ஒரு சாண்தான் சேர் இருந்துச்சு."