மணவறை மூலையில் கவிழ்ந்த கார்

என் கணவருக்கு வருத்தம் வந்த பிறகு அவரோடு ஒருவரும் சண்டை பிடிப்பதில்லை. நான் உட்பட. என் வாயைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அது எவ்வளவு பெரிய மாற்றம் என்று.

பரந்தனில் அவர் உழவு இயந்திரம் திருத்தும் கராஜ் வைத்திருந்தார். விதைப்புக் காலத்தில் விடியமுன்னமே ஆட்கள் வாசலில் வந்து நின்று கத்துவார்கள். "என்ர மெசினைக் கழட்டிப் போட்டிட்டு நீர் ஆறுதலாய்த் தேத்தண்ணி குடிக்கிறீரோ?" என்பார்கள். இவர் விட்டுவிடுவாரா? "எண்ணெய் விடாமல் ஓடிப்போட்டு இப்ப என்னில பாயிறீரோ?" என்று திருப்பிக் கொடுப்பார். பிறகு இரண்டு பேரும் ஒரே வாங்கில் இருந்து வடை தின்பார்கள். அப்படி இருந்த மனுசனுக்கு ஒருநாள் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் இழுத்துவிட்டது. ஆஸ்பத்திரியால் வரும்போது பேச்சு இருந்தது, பொல்லு ஊன்றினால் நடையும் இருந்தது. வலக்கை மட்டும் சொல்வழி கேட்கவில்லை. கராஜை உதவிக்கு நின்றவர் பொறுப்பெடுத்தார். பழைய வாடிக்கைக்காரர்கள் பழத்தோடு வீட்டுக்கு வருவார்கள். இவர் எதைச் சொன்னாலும் "ஓம் அண்ணை, ஓம் அண்ணை" என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

"இப்ப நான் சொல்லுறதெல்லாம் சரி பாரும்," என்றார் ஒருநாள். "மழை கீழயிருந்து மேல பெய்யுது எண்டாலும் ஓம் எண்டுவாங்கள். செத்தவனுக்குத்தான் உப்பிடி மரியாதை குடுக்கிறது."

விசர்க்கதை கதையாதேங்கோ என்று வாய்வரைக்கும் வந்தது. பிரஷர் ஏறிவிடுமே என்ற பயத்தில் விழுங்கிக்கொண்டு நானும் "ஓம்" என்றேன். அவர் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

சுவிஸில் இருக்கும் என் தம்பிக்கு ரிமோட்டில் ஓடும் றேஸ் கார் பைத்தியம் உண்டு. தான் ஓடிப் பழசாகிப்போன கார் ஒன்றைப் பெட்டி கட்டி அனுப்பினான். "அத்தானுக்குக் கைப்பயிற்சியாய் இருக்கும், அக்கா" என்றான். ஐம்பத்தாறு வயது மனுசனுக்கு விளையாட்டுச் சாமான்! பனிக்குள் இருந்து இவனுக்கு மூளை உறைந்துபோயிற்று என்றுதான் நினைத்தேன்.

பெட்டியைத் திறந்தால் அது விளையாட்டுச் சாமானே இல்லை. என் முழங்கை நீளத்தில் ஒரு முழுக் கார். நாலு சில்லுக்கும் நாலு ஸ்பிரிங், எண்ணெய் விட்ட நாலு குழாய், உள்ளே பல்லுச் சில்லுகள், மாற்றிப் போட வேறு ஸ்பிரிங்குகளும் ரயர்களும் தனிப் பையில். ரிமோட்டை இடக்கையால் பிடித்து விரலால் இழுத்தால் வேகம் வரும். பக்கத்தில் ஒரு குட்டிச் சில்லு இருக்கும், அதை வலக்கையால் திருப்பவேண்டும். அவர் தன் வலக்கையைத் தூக்கி அந்தச் சில்லில் வைத்தார். விரல்கள் மெல்ல மெல்ல மடிந்தன. வைத்தியர் தந்த ரப்பர் பந்துக்கு ஒருநாளும் மடியாத விரல்கள்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் நெல் காயவிடும் சீமெந்துத் தளம் இருக்கிறது. சிறுபோக நெல் அள்ளி முடிந்து அது வெறுமையாகக் கிடந்தது. அங்கேதான் முதல் ஓட்டம். கார் புறப்பட்டது, பம்பரமாகச் சுழன்றது, மதிலில் போய் முட்டியது. தளம் முழுக்க உமித் தூசி. எவ்வளவு கூட்டினாலும் சீமெந்தின் துவாரங்களுக்குள் கிடந்து வழுக்கும். அவர் கதிரையில் இருந்தபடி கட்டளை போடத் தொடங்கினார். அந்தக் குட்டி ஆணிகளைப் பிடிக்க அவர் விரல் போதாது. நான் தையல்காரி, ஊக்கும் ஊசியும் பிடித்த கை. அதனால் கழற்றுவதும் பூட்டுவதும் என் தலையில் விழுந்தது.

"பின் ஸ்பிரிங் இறுக்கம். இளக்கமானதைப் போடும். வழுக்கிற தரையில கார் கொஞ்சம் சரிஞ்சு குடுக்கவேணும், அப்பதான் ரயர் நிலத்தில பதியும்."

போட்டேன். இன்னும் சுழன்றது. ரயரை மாற்றினோம், முன்சில்லின் சரிவைக் குறைத்தோம். ஒரு பின்னேரம் கார் நான்கு மூலையும் சுற்றி வந்து அவர் காலடியில் நின்றது. கிளிநொச்சியில் தார் போட்ட ஒரு முற்றத்துக்குக் கொண்டுபோனபோது அதே கார் வயிறு உரசிக்கொண்டு கிடந்தது. அங்கே கல் எழும்பிய தரை, ஆகவே உயர்த்தவேண்டுமாம். ஒருத்தியின் அளவுக்குத் தைத்த சட்டையை இன்னொருத்திக்குப் போட்டுவிட்ட மாதிரித்தான். அதற்குப் பிறகு எனக்கும் அந்த வேலையில் ருசி பிடித்துவிட்டது, ஏன் பொய் சொல்லவேண்டும்?

அந்தத் தார் முற்றத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்பது பத்து இளைஞர்கள் கார் ஓடுவார்கள். கிளிநொச்சியில் போன் திருத்தும் கடை வைத்திருக்கும் ஒருவன்தான் அவர்களுக்குத் தலைவன். வேகமான கையும் அதைவிட வேகமான வாயும் அவனுக்கு. இவரைக் கண்டதும் அந்த வாயும் "அண்ணை, அண்ணை" என்று பஞ்சாகிவிடும். றேஸ் இரண்டு சுற்றாக நடக்கும். முதல் சுற்றில் ஓடினவர்கள் இரண்டாம் சுற்றுக்கு மூலைகளில் போய் நிற்கவேண்டும். கார் கவிழ்ந்தால் மூலையில் நிற்பவன்தான் ஓடிப்போய்ப் பிரட்டிவிடவேண்டும், ஓடுபவன் அந்த இடத்துக்கு வரக்கூடாது. மூலைக்கு நிற்காதவனுக்கு ஓட்டமும் இல்லை. அதுதான் அவர்களுடைய சட்டம்.

இவருக்கு மட்டும் அந்தச் சட்டம் இல்லை. ஓடி முடித்ததும் கதிரையும் சோடாவும் வந்துவிடும். "நீங்கள் இருங்கோ அண்ணை, நாங்கள் பாப்பம்."

முதல் கிழமை சோடாவைக் குடித்துவிட்டு வந்தார். அடுத்த கிழமை வீட்டுக்கு வரும் வழியில் ஓட்டோவுக்குள் வெடித்தார். "மூலைக்கு நிக்காதவன் ஓடுறவனே? என்னை ஆளாய்க் கணக்கெடுத்தால் எல்லோ மூலைக்கு விடுவாங்கள். சின்னப் பிள்ளையளுக்கு உப்புக்குச் சப்பாணி விடுற மாதிரி என்னை விட்டிருக்கிறாங்கள்." அவர் கண் கலங்கியிருந்தது. அந்த இளைஞர்களிடம் போய் நாலு வார்த்தை கேட்கவேண்டும் போல் இருந்தது. ஆனால் விழுந்தால் யார் தூக்குவது? அதையும் நினைத்தேன், அதனால் வாயைத் திறக்கவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தார் முற்றத்தில் முழங்கால் வெள்ளம். அந்த இளைஞர்களில் ஒருவனுக்கு ஒரு கல்யாண மண்டபக்காரர் சொந்தம். காலையில் கல்யாணம் முடிந்தால் பின்னேரம் மண்டபம் சும்மா கிடக்கும், மணவறை கழற்ற ஆட்கள் வரும்வரை ஓடலாம் என்று ஏற்பாடு. மணவறைக்கு முன்னால் பெரிய சிவப்புக் கம்பளம். அதன்மேல்தான் றேஸ்.

கம்பளம் என்றதும் இவர், சுவிஸில் கம்பளத்தில் ஓடிப் பழகின தம்பியைப் போனில் பிடித்தார். கம்பளம் ரயரைப் பிடித்தால் விடாதாம், சடாரென்று திருப்பினால் கார் குப்புறக் கவிழுமாம். இதுவரை செய்ததையெல்லாம் தலைகீழாக மாற்றினோம். இறுக்கமான ஸ்பிரிங், நிலத்தோடு ஒட்டின உயரம். முன்ரயர்களின் வெளி விளிம்பில் சுப்பர் குளூ பூசிக் காயவிட்டேன். விளிம்பு வழுவழு என்று இறுகினால் அது கம்பளத்தில் கொளுவாது. பூசும்போது என் விரல் இரண்டும் சேர்ந்து ஒட்டிக்கொண்டன. "ஐயோ கோதாரி!" என்று கத்தினேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

மண்டபத்தில் போய்ப் பார்த்தால் தம்பியின் நாட்டுக் கம்பளமா அது? மணமக்களை வாழ்த்தித் தூவிய அறுகரிசியும் பூவிதழும் நூலுக்குள் புதைந்து கிடந்தன. வாசல் நிலைக்குப் பக்கத்தில் பன்னீர் ஈரம். மணவறை மூலையில் யாரோ பிள்ளைகள் சோடாவைக் கவிழ்த்திருந்தார்கள், கால் வைத்தால் செருப்பு ஒட்டிக்கொண்டு வந்தது. விளக்குமாறு எடுத்துக் கூட்டியும் மஞ்சள் அரிசி போகவில்லை. முதல் ஓட்டத்திலேயே எங்கள் காரின் பல்லுச் சில்லுக்குள் ஒரு அரிசி போய்ச் சிக்கியது. ஊசியால் குத்தி எடுத்தேன்.

இவர் முதல் சுற்றில் ஓடினார். ஐந்து பேரில் நாலாவது. ஐந்தாவது ஆளின் கார் இடையில் உடைந்துபோனது, அதையும் சொல்லத்தானே வேண்டும். ஆனால் ஒருமுறைகூடக் கவிழவில்லை. அடுத்த சுற்றுக்குக் கதிரை வந்தது. இவர் அதைப் பொல்லால் ஒரு பக்கம் தள்ளிவிட்டு மணவறை மூலைக்கு நடந்தார். அங்கே ஒரு தூண் இருக்கிறது. அதில் வலத்தோளைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணை, அது கவிழுற மூலை…" என்றான் போன் கடைக்காரன்.

"கவிழுற மூலை எண்டுதான் வந்தனான்."

அவன் என்னைப் பார்த்தான். அண்ணையைக் கூப்பிடுங்கோ அக்கா என்கிற பார்வை. எழும்பினேன், திரும்ப இருந்தேன். கூப்பிடவில்லை.

இரண்டாம் சுற்றுத் தொடங்கியது. போன் கடைக்காரன்தான் முன்னுக்கு. அவன் ரயருக்குக் குளூ பூசவில்லை, முன் ஸ்பிரிங்கும் இளக்கமாகவே இருந்தது. சோடா ஒட்டிய அந்த இடத்தில் அவன் கார் குப்புற விழுந்தது. இவர் தூணில் சாய்ந்தபடி இடக்கைப் பொல்லை நீட்டினார். நுனியைக் காரின் விளிம்பில் கொளுவிப் பிரட்டினார். அடுத்த வட்டத்திலும் அதே மூலை, அதே கவிழ்வு. இந்த முறை பொல்லு வழுக்கியது. திரும்ப நீட்டினார். திரும்பவும் வழுக்கியது. பின்னால் வந்தவன் முந்திக்கொண்டு போனான்.

"அண்ணை! என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? கெதியாய்ப் பிரட்டுங்கோ! உங்களாலதான் நான் தோக்கப்போறன்!"

போன் கடைக்காரன்தான். தொண்டை கிழியக் கத்தினான். ஓடிக்கொண்டிருந்த மற்றக் கார்களும் ஒவ்வொன்றாக நின்றன. அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு ரிமோட்டைக் கீழே வைத்தான். "அண்ணை, குறை நினையாதேங்கோ…" என்று மூலைப் பக்கம் ஓடிவந்தான்.

"நில்லடா அங்க!" என் கணவரின் அந்தக் குரலை நான் கேட்டு எத்தனை காலம். கராஜ் வாசலில் கேட்ட குரல். "ஓடுறவன் மூலைக்கு வரக்கூடாது, சட்டம் தெரியாதோ? ஸ்பிரிங்கைக் களியாய் வச்சுக்கொண்டு ஓடுறாய், ரயருக்கு ஒண்டும் பூசேல்லை, கவிண்டால் நானோ குற்றம்? என்னில பாயிறாய்!"

அவனுக்கும் சூடு ஏறிவிட்டது. "அப்ப முதல்லயே சொல்லியிருக்கலாமே அண்ணை!"

"நீ கேட்டனீயே?"

"கேட்டால் சொல்லுவியளே? றேசிலயெல்லே எனக்கு எதிராய் நிக்கிறியள்!"

எதிராய் நிக்கிறியள் என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் இவர் முகம் மலர்ந்துபோயிற்று. சிரிப்பை அடக்கிக்கொண்டு பொல்லை நீட்டிக் காரைப் பிரட்டிவிட்டார். எல்லாரும் திரும்ப ஓடினார்கள்.

கடைசி வட்டத்தில் அந்தக் கார் அதே மூலையில் மூன்றாவது தடவையாகக் கவிழ்ந்தது. போன் கடைக்காரன் இந்த முறை சத்தம் போடவில்லை. கத்தினது போதும் என்று நினைத்திருப்பான். இவர் பொல்லைக் காரின் விளிம்பில் கொளுவினார், ஆனால் பிரட்டவில்லை. தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"என்ன, சத்தத்தைக் காணேல்லை?"

"அண்ணை, பிரட்டுங்கோ…"

"கேக்கேல்லை!"

அவன் கத்தினான். மற்ற இளைஞர்களும் சேர்ந்து கத்தினார்கள். நான் எப்போது எழும்பினேன் என்று எனக்கே தெரியாது. கம்பளத்தின் விளிம்பில் நின்று, கண்ணால் தண்ணீர் ஓட ஓட, தெருவுக்குக் கேட்கும்படி கத்திக்கொண்டிருந்தேன். "இஞ்சருங்கோ, உங்களுக்கென்ன விசரா? பெடியன் தோக்கப்போறான், பிரட்டுங்கோ மனுசா!"