பார்வையாளர் நேரம்

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் கஸ்தூரி தலை வாரிப் பின்னி, முகத்துக்குப் பவுடர் போட்டு, தகரப் பெட்டியை அறை வாசலுக்கு இழுத்துப் போட்டு அதன்மேல் உட்காருவாள். கையில் ஒரு வேலையும் இருக்காது. ஐந்து மணி ஆனதும் எழுந்து பெட்டியை உள்ளே தள்ளிவிட்டு முகத்தைக் கழுவிக்கொள்வாள்.

யாரும் வரப்போவதில்லை என்பது அவளுக்கும் தெரியும். பதினாறு வருஷம் அவள் வளர்ந்த அநாதைப் பிள்ளைகள் இல்லத்தில் ஞாயிறு மூன்றிலிருந்து ஐந்து வரை பார்வையாளர் நேரம். ஆள் வந்திருக்கிற பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஆளே இல்லாத பிள்ளைகளும் தலை வாரித் தயாராக உட்கார்ந்திருக்க வேண்டும், அது அங்கே சட்டம். எண்பத்திரண்டு ஜூனில், பதினெட்டு முடிந்துவிட்டது என்று சொல்லி, இரண்டு புடவையும் ஒரு தட்டும் டம்ளரும் இந்தத் தகரப் பெட்டியும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பதினெட்டு என்பதுகூட ஒரு டாக்டர் பல்லைப் பார்த்துச் சொன்ன கணக்குதான். ஞாயிற்றுக்கிழமைச் சட்டம் இனி இல்லை என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அதனால் அவளும் விடவில்லை.

அடி அண்ணாமலையில், பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிறவர்களை நம்பிச் சோடாவும் கற்பூரமும் விற்கிற ரேணுகாம்பாளின் கடைக்குப் பின்னால் ஓர் அறையில் கஸ்தூரி வாடகைக்கு இருக்கிறாள். வந்த புதிதில் ரேணுகாம்பாளை எப்படிக் கூப்பிடுவது என்று அவளுக்குப் புரியவில்லை. இல்லத்தில் பெரிய பெண்கள் எல்லாரும் அக்கா, அதற்கு மேல் எல்லாரும் டீச்சர். அதனால் தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போகும்போதுகூடக் கடை வாசலில் நின்று, "டீச்சர், போய்ட்டு வரட்டுங்களா?" என்று கேட்பாள்.

"நான் ரெண்டாங்கிளாஸ்கூடத் தாண்டாதவ. என்னைப் போயி டீச்சருங்கறியே, கேக்கறவங்க சிரிக்கப் போறாங்க. குழாயடிக்குப் போறதுக்கு எவளாச்சும் உத்தரவு கேப்பாளா?"

"சரிங்க டீச்சர்" என்பாள் கஸ்தூரி.

அவளுடைய தட்டு, டம்ளர், பாவாடை, தலையணை உறை எல்லாவற்றிலும் நாற்பத்து மூன்று என்ற எண் இருக்கும். இல்லத்தில் அவளுடைய எண் அது. போன பொங்கலுக்குப் புதிதாக ஒரு துண்டு வாங்கினாள். வாங்கிய அன்றே சிவப்பு நூலில் நாற்பத்து மூன்று தைத்துவிட்டாள். வண்ணான் குறியா என்று கேட்ட ரேணுகாம்பாளிடம், "தொலையாதுங்க" என்றாள். அந்த அறையில் அவளைத் தவிர இருந்தது ஒரு பல்லி.

ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் அவள் சமையல் உதவியாள். அங்கே அவளை அசைக்க முடியாது. எண்பது பிள்ளைகளுக்கு அரிசி களைந்து உலையில் கொட்டுவாள், பருப்புக்கு உப்பைக் கையால் அள்ளிப் போடுவாள். ஒரு நாளும் கூடிற்று, குறைந்தது என்ற பேச்சில்லை. சமையல்காரி சந்திரம்மாள் அவளிடம் கரண்டியைக் கொடுத்துவிட்டு வெற்றிலை போடப் போய்விடுவாள். ஆனால் அறைக்கு வந்து தனக்கென்று உலை வைக்கும்போது கஸ்தூரிக்குக் கை தடுமாறும். ஒரு ஆளுக்கு எவ்வளவு என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அரைப் படி போடுவாள், அது பொங்கிச் சட்டி வழியும். மறுநாள் பயந்து ஒரு பிடி போடுவாள், அது அடிப்பிடிக்கும்.

"ஒண்டிக்கட்டைக்கு இத்தினி சோறு ஜாஸ்திடி. மாடு திங்குது, திங்கட்டும். நீ இன்னிக்குத் தின்னியா?" என்பாள் ரேணுகாம்பாள்.

கடைகளில் இதைவிடக் கஷ்டம். "எந்த சோப்பும்மா?" என்று கேட்டால் கஸ்தூரிக்கு வியர்த்துவிடும். பக்கத்தில் நிற்கிறவள் எதை வாங்குகிறாளோ அதையே கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள். ஒரு முறை பக்கத்தில் நின்றவள் வாங்கியது மாட்டுக்குப் போடும் சோப்பு.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்கு, தோளில் துண்டும் கையில் ஒரு மஞ்சள் பையுமாக ஓர் ஆள் அந்தத் தகரப் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றார். நாற்பது வயது இருக்கும்.

"கஸ்தூரிங்கறது நீதானாம்மா?"

கஸ்தூரி எழுந்து கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். வந்தவர் பெயர் முருகையன். கீழ்பென்னாத்தூரில் கொஞ்சம் நிலம், வேர்க்கடலையும் நெல்லும். அவர் அக்காள் உண்ணாமலை பதினேழு வருஷத்துக்கு முன்னால் பிரசவத்தில் இறந்துபோனாள். அதற்கு முன்பே அவளுக்குப் பிறந்திருந்த பெண் குழந்தை கொஞ்ச நாள் இவர்கள் வீட்டில் இருந்தது. பிறகு ஒரு சண்டையில் குழந்தையின் அப்பன் அதைத் தூக்கிக்கொண்டுபோய் இல்லத்தில் விட்டுவிட்டு மைசூர்ப் பக்கம் போனவன்தான். இத்தனை வருஷம் கழித்து முருகையன் இல்லத்துக்குத் தேடிப் போனார். பழைய பதிவேட்டில் பாதியைக் கரையான் தின்றிருந்தது. மாதமும் வருஷமும் பார்த்து, இன்னார்தான் என்று அங்கே இருந்த குமாஸ்தா இவளைச் சொல்லி அனுப்பினார்.

"நான் உனக்குத் தாய்மாமன்ம்மா" என்றார் முருகையன். சொல்லிவிட்டு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

தாய்மாமன் என்ற சொல்லைக் கஸ்தூரி பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறாள். ஆள் இப்படி வந்து வாசலில் நிற்கும்போது என்ன செய்ய வேண்டும் என்று அதில் போட்டிருக்கவில்லை. உட்காருங்கள் என்று சொல்லவே அவளுக்குத் தோன்றவில்லை. ரேணுகாம்பாள்தான் ஓடிவந்து சோடா உடைத்துக் கொடுத்தாள்.

தீபாவளிக்கு அவர் வந்து அழைத்துப் போனார். போகிற வழியில் டவுனில் துணிக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், "உனக்குப் பிடிச்சத எடும்மா" என்றார். இல்லத்தில் தீபாவளிக்கு ஒரே பீஸில் கிழித்த துணிதான், அறுபது பேருக்கும். கடைக்காரர் புடவைகளைப் பிரித்துப் பிரித்துப் போட்டார். கஸ்தூரி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, குவியலில் மேலாகக் கிடந்ததைக் காட்டினாள். வீட்டுக்குப் போய்ப் பிரித்துப் பார்த்தபோதுதான் அது கருநீலம் என்று அவள் மனதில் பதிந்தது.

கீழ்பென்னாத்தூர் வீட்டில் அவளுக்குத் தலை சுற்றியது. முருகையனின் மனைவி ஆதிலட்சுமியை அத்தை என்று கூப்பிட வேண்டும் என்றார்கள். சரி. அவருடைய சின்ன மகள் கஸ்தூரியை அக்கா என்று கூப்பிட, ஆதிலட்சுமி திருத்தினாள்: "அக்கா இன்னாடி? அத்தை மவ. உனக்கு அண்ணி மொறை."

அண்ணன் ஒருத்தனும் இல்லாத வீட்டில், கல்யாணமே ஆகாத தான் எப்படி அண்ணி ஆவோம் என்று கஸ்தூரி அன்று முழுக்க யோசித்துப் பார்த்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து அவள் முகவாயைப் பிடித்துத் திருப்பி, "உண்ணாமல மூக்கு அப்படியே" என்றார்கள். அவள் யாரும் பார்க்காதபோது கண்ணாடியில் மூக்கைப் பார்த்துக்கொண்டாள். அது முதல் தடவையாக ஒருவருடைய மூக்கு மாதிரி இருந்தது.

விடியும் நேரத்தில் எண்ணெய் தேய்த்துவிடும்போது ஆதிலட்சுமி, "காலை நீட்டு. நின்னுகினே வேலை செய்யற காலு" என்று சொல்லிப் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். வலது குதிகாலைத் தேய்த்தவள், மறுபடியும் தேய்த்தாள். விளக்கை அருகில் இழுத்தாள். பிறகு குனிந்தபடியே கேட்டாள்:

"சின்னதுல இந்தக் கால்ல கொதிக்கிற கஞ்சி கொட்டிச்சே, நெனப்பு இருக்குதா? என் கைதவறித்தான் கொட்டிச்சு. அதுலதான் சண்டையே வந்துச்சு."

"தெரியலைங்க அத்தை" என்றாள் கஸ்தூரி.

அவள் குதிகாலில் ஒரு தழும்பும் இல்லை. ஆனால் கஞ்சி கொட்டிய கால் யாருடையது என்று அவளுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. பொன்னி. இல்லத்தில் பக்கத்துப் பாய், நாற்பத்து நான்கு. அதே வாரத்தில் வந்து சேர்ந்தவள். வலது கணுக்காலிலிருந்து குதிகால் வரை தோல் சுருங்கிப் பளபளவென்று இருக்கும். மார்கழியில் அது வெடிக்கும்போது சமையலறையிலிருந்து தேங்காய் எண்ணெய் திருடிக்கொண்டு வந்து தேய்த்துவிடுவது கஸ்தூரிதான்.

யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளும் எதுவும் சொல்லவில்லை. கருநீலப் புடவை கட்டிக்கொண்டு, இலையில் வைத்ததை எல்லாம் தின்று, அடுத்த நாள் பஸ் ஏறி வந்துவிட்டாள். சொல்லாமல் இருப்பது பொய்யா இல்லையா என்று அவளால் தீர்மானிக்க முடியவில்லை. இல்லத்தில் பொய் என்றால், கேட்ட கேள்விக்கு மாற்றிப் பதில் சொல்வது. கேட்காத கேள்விக்குச் சட்டம் இல்லை. ஆனால் அந்த வாரம் சத்துணவுக் கூடத்தில் பருப்பு இரண்டு முறை உப்புக் கரித்தது. "உனுக்கு இன்னாடி ஆச்சு?" என்று சந்திரம்மாள் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.

பொன்னி வேலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்க்கிறாள். கார்த்திகை பிறந்ததும் அவளிடமிருந்து ஓர் இன்லண்ட் லெட்டர் வந்தது. புது டாக்டரம்மா கெட்ட கோபக்காரி, சாப்பாடு பரவாயில்லை என்றெல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் மடிப்போரத்தில் இப்படி எழுதியிருந்தாள்: "தீபாவளிக்கி ரெண்டு நாள் லீவு குடுத்தாங்க. எங்க போறதுன்னு தெரியல. வார்டுலயே இருந்துட்டேன்."

கஸ்தூரி அந்தக் கடிதத்தை மடித்து அரிசிப் பானைக்கு அடியில் வைத்தாள். எடுத்துப் பெட்டியில் வைத்தாள். மறுபடி எடுத்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

தீபத்துக்கு அடுத்த ஞாயிறு முருகையன் வந்தார். மூத்த பெண்ணுக்குத் தையில் கல்யாணம் பேசியிருந்தது. மஞ்சள் பை நிறைய வறுத்த வேர்க்கடலை கொண்டுவந்திருந்தார். "உங்க அத்தை குடுத்துச்சு. புது மல்லாட்டை" என்றார். இந்த முறை கஸ்தூரி அவரைப் பெட்டியில் உட்காரச் சொன்னாள். தான் நின்றாள். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிட வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் திடீரென்று பேசினாள்.

"சார்."

முருகையன் நிமிர்ந்து பார்த்தார்.

"நான் இல்லைங்க சார். கஞ்சி கொட்டின கால் பொன்னியோடது. அவ வேலூர்ல இருக்கா. எனக்கு அன்னிக்கே தெரியும். நான் சொல்லல. மூக்கு மட்டும் எப்படி ஒண்ணா இருக்குதுன்னு எனக்குத் தெரியலைங்க." கடிதத்தை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

முருகையன் அதை வாங்கவில்லை.

"உங்க அத்தை எண்ணெ தேய்ச்ச அன்னிக்கே சொன்னா" என்றார். "மொதல்லயே பாத்திருக்கலாம். வயசுப் பொண்ணுகிட்ட காலைக் காட்டுன்னு எப்படிக் கேக்கறது? சொல்லிட்டுப் போலாம்னுதான் இன்னிக்குக் கெளம்பினேன். பஸ்ல வரும்போதுகூட மனசுல சொல்லிப் பாத்துகினே வந்தேன். வந்து உக்காந்தா கல்யாணத்துக்கு வான்னு வாய் சொல்லுது."

"எதுக்குங்க?"

"அதான் எனக்கும் புரியலம்மா."

ரேணுகாம்பாள் கடையில் சோடாப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு உடைக்காமல் நின்றாள். கஸ்தூரி கடிதத்தின் பின்பக்கத்து முகவரியை எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினாள். அவருக்கு வேலூரில் அந்தத் தெரு எங்கே என்று தெரியவில்லை. கஸ்தூரிக்கும் தெரியாது. ஆனால் யாரோ ஓர் ஆள் வந்து மாமன் என்று சொன்னால் பொன்னி விளக்குமாற்றை எடுப்பாள் என்பது தெரியும்.

"நான் கூட வந்தாதாங்க அவ நம்புவா."

அடுத்த ஞாயிறு காலை போளூர் வழியாகப் போகிற பஸ்ஸில் போனார்கள். அவள் பெண்கள் சீட்டில், அவர் பின்னால். இறங்கி மூன்று இடத்தில் விசாரித்து ஆஸ்பத்திரியைக் கண்டுபிடித்தபோது பதினோரு மணி. நீளத் தாழ்வாரத்தில் பொன்னி குந்தியபடி ஈரச் சாக்கால் தரையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பாதி முடிந்திருந்தது. பினாயில் வாடை.

"இன்னாடி, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கற?" என்று சிரித்தாள். பிறகு பின்னால் நின்ற முருகையனைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "யாருடி இவரு?"

"உன் மாமா."

"வெளையாடாத. பெரிய டாக்டர் வர்றதுக்குள்ள தொடைச்சாவணும்."

முருகையன் தோள் துண்டை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டார். அவருடைய பார்வை அவள் முகத்துக்குப் போகவில்லை, காலுக்குப் போயிற்று. அங்கேயே நின்றது. அதைப் பொன்னி கவனித்தாள். கஸ்தூரியைப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள். அவள் கையிலிருந்த சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"மெய்யாவா?" என்றாள், யாரிடம் கேட்கிறோம் என்று தெரியாமல்.

உள்ளேயிருந்து ஒரு குரல், தாழ்வாரம் ஆயிற்றா என்று கேட்டது.

கஸ்தூரி பொன்னியின் கையிலிருந்து சாக்கை வாங்கினாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாளியில் அதை முக்கிப் பிழிந்தாள். பொன்னி விட்ட இடத்தில் குந்தி, இருவருக்கும் முதுகைக் காட்டியபடி, மீதித் தாழ்வாரத்தைத் துடைத்துக்கொண்டு போனாள்.