ஹேங்கருக்குத் தையல் விட்ட கதை

பல்லடம் சாலையில், பிளாஸ்டிக் சாமான்களுக்கு அச்சு செய்யும் ஒரு சின்ன மோல்டு பட்டறையில் டிசைன் வேலைக்குச் சேர்ந்தபோது, எனக்கு மூன்று மாதம் சோதனைக் காலம் என்றார் முதலாளி. அதற்கு முன் இரண்டு வருடம், மெக்கானிக்கல் டிப்ளமோவைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் நின்றபடியே டி-ஷர்ட்டில் ஓட்டை தேடிக்கொண்டிருந்தவள் நான். இங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார நாற்காலி கொடுத்தார்கள். அதற்காகவே பட்டறை எனக்குப் பிடித்துப்போனது.

எனக்குத் தனியாக வந்த முதல் வேலை, குழந்தைகளின் பிராக்கை மாட்டும் பிளாஸ்டிக் ஹேங்கருக்கான அச்சு. "இதச் செரியாப் பண்ணீட்டீங்கன்னா நீங்களே இருந்துக்கலாமுங்க. இல்லீனா கோயமுத்தூர்ல ஒருத்தரு வரேன்னு சொல்லியிருக்காருங்க" என்றார் முதலாளி. திட்டினாலும் 'ங்க' போட்டுத் திட்டுகிற மனிதர். அந்த மரியாதைதான் எனக்கு அதிக பயத்தைக் கொடுத்தது.

துணி வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பிய சாம்பிள் ஹேங்கர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஞாயிறு வைத்திருந்துவிட்டு திங்கள் காலை, எங்களுக்கு ஆர்டர் தந்த எக்ஸ்போர்ட் கம்பெனிக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வீட்டில் அதன் வளைவை ஸ்கேலால் அளக்க நான் படுகிற பாட்டைப் பார்த்து அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. நாங்கள் தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள். அப்பா ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். "ஏட்டி, இங்க கொண்டா" என்று ஹேங்கரை வாங்கி, பேட்டர்ன் அட்டை மேல் வைத்து, கூரான பென்சிலால் வரைந்து வெட்டியும் கொடுத்துவிட்டார். பிசிறே இல்லை. நான் அந்த அட்டையைச் சாம்பிளோடு ஒத்துக்கூடப் பார்க்கவில்லை. அப்பா கை பட்டதை யாராவது சரிபார்ப்பார்களா?

எங்கள் மென்பொருளில் முதலில் ஒரு ஸ்கெட்ச் வரைய வேண்டும். ஹேங்கரின் வெளிக்கோடு அது. பிறகு வருகிற கனம், முதுகில் ஓடும் பட்டைகள், கொக்கி நுழையும் துளை, பிராக்கின் தோள்பட்டை வழுக்காமல் இருக்க வெட்டும் பள்ளம் எல்லாமே அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். அட்டையிலிருந்து அளவெடுத்து அந்தக் கோட்டை வரைந்தேன். பத்து நாளில் அதன் மேல் முப்பத்தெட்டு வேலைப்பாடுகள் ஏறிவிட்டன. திரையில் ஹேங்கரைச் சுழற்றிச் சுழற்றி நானே ரசித்துக்கொண்டிருந்தேன்.

புது ஸ்டீலில் கத்தி படும் முன் பூஜை போடுவது எங்கள் பட்டறை வழக்கம். அந்த வெள்ளிக்கிழமை காலை முதலாளி சாம்பிளைத் திரும்ப வாங்கி வந்திருந்தார். ஸ்டீல் கட்டியின் மேல் என் டிராயிங்கை அசல் அளவில் விரித்து, அதன் மேல் ஹேங்கரை வைத்து, பக்கத்தில் எலுமிச்சம்பழமும் வைத்தார். சூடம் எரிந்தது. எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிட்டார்கள். நான் மட்டும் திறந்து வைத்திருந்தேன். ஹேங்கரைச் சுற்றி நான்கு பக்கமும் வெள்ளைத் தாள் தெரிந்தது. என் கோடு எட்ட நின்றது.

"சார், டிராயிங் பெருசா இருக்குது" என்றேன்.

முதலாளி குனிந்து பார்த்தார். "ஆமாங்க" என்றார். "ஸ்டீல் வெட்ட வெளிய வாடகைக்கு மெஷின் பேசியிருக்குதுங்க. மூணு மணிக்கு நம்ம முறை. விட்டா அடுத்த வாரந்தானுங்க. அதுக்குள்ள ஆகலீனா கோயமுத்தூர்க்காரர வரச் சொல்லிக்கறனுங்க."

வெளியே வந்து அப்பாவுக்கு போன் போட்டேன்.

"அப்பா, அந்த அட்டைய வரஞ்சப்போ என்ன செஞ்சீய?"

"என்ன செஞ்சேன்? எப்பவும் போலத்தான். சுத்தி அரை இஞ்சு, கீழ மடிப்புக்கு ஒரு இஞ்சு. தையலுக்கு விடாம எவனாவது வெட்டுவானா?"

"அப்பா, அது பிளாஸ்டிக்கு."

"அப்போ அதத் தைக்க மாட்டாவளோ?" என்றார்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வந்த வேகத்தில் சிரிப்பும் வந்துவிட்டது. அப்பாவைச் சொல்லிக் குற்றமில்லை. பென்சிலை எடுத்தால் தையலுக்கு விட்டு வரைவது முப்பது வருடப் பழக்கம். ஒரு முறை ஸ்கேல் வைத்துப் பார்க்காத என் புத்தியைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

சாம்பிளை இம்முறை நானே பத்து இடத்தில் அளந்தேன். பிறகு அவசரத்தில் பழைய கோட்டை அழித்துவிட்டுப் புதுக் கோட்டை வரைந்தேன். அவ்வளவுதான், ஓரத்துப் பட்டியலில் முப்பத்தெட்டும் சிவப்பாகிவிட்டன. பிடித்திருந்த கோடு காணாமல் போனதில் துளைக்கும் பள்ளத்துக்கும் போக்கிடம் இல்லை. நல்லவேளை, சேவ் செய்யவில்லை. ஃபைலை மூடித் திரும்பத் திறந்தேன்.

இம்முறை பழையதைத் தொடவில்லை. அதே ஸ்கெட்சுக்குள், பழைய கோட்டுக்கு உள்பக்கமாகப் புதுக் கோட்டை வரைந்தேன். பிறகு ஒவ்வொரு துண்டாகக் காட்டி, இந்தப் பழைய வளைவுக்குப் பதில் இந்தப் புது வளைவு, இந்தத் தோளுக்குப் பதில் இந்தத் தோள் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். எல்லாவற்றுக்கும் வாரிசு காட்டிய பிறகுதான் பழையதை அழித்தேன். ஹேங்கர் ஒரு குலுக்கு குலுக்கிச் சுருங்கி நின்றது. பள்ளங்கள் இரண்டு மட்டும் சிவப்பாகவே இருந்தன. அவை கீழ் மடிப்பிலிருந்து அளவெடுத்துக்கொண்டிருந்தன. அந்த அளவைத் தோளிலிருந்து கொடுத்ததும் சிவப்பு மறைந்தது. மணி இரண்டே முக்கால்.

புது டிராயிங்கை ஸ்டீல் மேல் விரித்து முதலாளி ஹேங்கரை வைத்தார். கோட்டுக்கும் ஹேங்கருக்கும் நடுவில் தாள் தெரியவில்லை. "மொதல்ல எப்படீங்க அப்படி ஆச்சு?" என்று கேட்டார். ஏதாவது சமாளித்திருக்கலாம். ஆனால் அப்பா வரைந்ததையும், நான் அளந்து பார்க்காததையும், தையலுக்கு விட்டதையும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன். சொல்லி முடித்ததும் பழையபடி செக்கிங் டேபிளில் நிற்கிற மாதிரிக் கால் வலித்தது.

அவர் சிரிக்கவில்லை. அந்த அட்டையைக் கேட்டு வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மாஸ்டரு வேல சுத்தமுங்க" என்று அதை மேஜையில் வைத்தார். பிறகு செல்போனை எடுத்து எண்ணை அழுத்தினார். கோயமுத்தூருக்குத்தான் என்று முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிட்டது.

"ஏனுங்க, நல்லா இருக்கீங்களா? இல்லீங்க, நீங்க வர வேண்டியதில்லீங்க. எங்க டிசைனரே முடிச்சுட்டாங்க."

யாரைச் சொல்கிறார் என்று ஒரு கணம் எனக்கே விளங்கவில்லை.