நாலரை செய்த மேசை

அவரை எல்லோரும் நாலரை என்றுதான் சொல்வார்கள். இடது கையில் விரல்கள் அவ்வளவுதான். மரம் வெட்டப் போன காலத்தில், பதினோரு வருடங்களுக்கு முன், ஒரு சங்கிலி ரம்பம் உதைத்துச் சுண்டுவிரலில் பாதியைக் கொண்டுபோயிற்று. பெயர் வைத்தவன் அவருடைய மைத்துனன். கட்டுப் போட்ட கையோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவரைப் பார்க்க வந்து, அரை மணி நேரம் அழுதுவிட்டு, எழுந்து போகும்போது, "மாமா, இனிமே உங்கள நாலரைன்னு கூப்பிடலாம்ல?" என்று கேட்டான். வலியிலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெயர் ஒட்டிக்கொண்டது.

அதன் பிறகு அவர் மரம் ஏறவில்லை. விரலை எடுத்த அதே ரம்பத்தை வீட்டுக் கார் ஷெட்டில் போட்டுப் பிரித்தார், பூட்டினார், மறுபடி பிரித்தார். சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. எந்தத் திருகு எதைப் பிடித்திருக்கிறது என்பதை அதைக் கழற்றி, எது விழுகிறது என்று பார்த்தே தெரிந்துகொண்டார். இரண்டு வருடத்தில் மரம் வெட்டுகிறவர்கள் எல்லாம் அவரிடம் வரத் தொடங்கினார்கள். நாலரை கைபட்டது என்றால் யாரும் மறுபடி சோதித்துப் பார்ப்பதில்லை.

ஷெட்டில் கார் என்றும் நின்றதில்லை. மனைவியின் ஸ்கூட்டர் ஒரு மூலையில் நிற்கும். மீதித் தரை அவருடையது. கோணிச் சாக்கை விரித்துக் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு ரம்பத்தின் உறுப்புகளையும் டப்பா மூடிகளில் கழற்றிய வரிசைப்படி வைத்துக்கொண்டு வேலை செய்வார். எழுந்திருக்கும்போது முழங்கால் இரண்டும் சத்தம் போடும்.

"வீட்டுக்குள்ள நீங்க எங்க இருக்கீங்கன்னு தேடவே வேண்டாம். கதவு கீல் மாதிரி கேக்குது" என்பாள் மனைவி. "ஒரு மேசை போடுங்களேன். ஊர் மெஷினெல்லாம் நிமிர்ந்து நிக்குது, நீங்கதான் கூனிப் போறீங்க."

ஒருவழியாக இந்த வருடம் மனம் வந்தது. மனம் வந்த பிறகு அவசரப்படுகிற ஆள் இல்லை அவர். நாலங்குல மரத்தில் கால்கள். இரண்டங்குலப் பலகையில் மேல்தளம். ஆணி கூடாது, போல்ட்டுதான். ரம்பம் அதிர அதிர ஆணி இளகும். உறுப்புகளைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் வருகிற இடம் நேராக ஒரு காலின் தலைக்கு மேல் இருக்க வேண்டும், அப்போதுதான் சுத்தியல் அடி தரைக்குப் போகும். மேசையின் உயரம் இடுப்பெலும்புக்கு ஒரு விரற்கடை கீழே. இதையெல்லாம் பழைய காலண்டரின் பின்புறம் வரைந்து, மூன்று முறை அடித்துத் திருத்தி வைத்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை பலகை வந்தது. வியாழன் காலை மூன்று கால்களை நிறுத்திச் சட்டம் பூட்டியாகிவிட்டது. ஷெட் தரை தண்ணீர் ஓடுவதற்காக வாசல் பக்கம் சரிந்திருக்கும். வாசல் பக்கத்துக் கால்களுக்கு அடியில் மரச்சில்லு கொடுத்து, ரசமட்டத்தின் குமிழ் நடுவில் வந்து நிற்கும்வரை ஒவ்வொரு சில்லாகச் சீவிக்கொண்டிருந்தார். கடைசிக் காலை வைக்குமுன் அந்த இடத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். பழைய ஸ்பீக்கரின் காந்தத்தைக் குச்சியில் கட்டித் தரையில் இழுத்தார். அரத்தூள் மீசை மீசையாக ஒட்டி வந்தது. இரண்டு துருப்பிடித்த திருகு. அவற்றின் நடுவில், சுண்டுவிரல் நகம் அளவில், பளபளவென்று ஒரு லாக் கிளிப்.

எடுத்துத் துடைத்தார். புதுசு. கீறல்கூட இல்லை.

பொட்டலத்திலிருந்து சிந்தியிருக்கும் என்று முதலில் நினைத்தார். பொட்டலத்தைக் கொட்டி எண்ணினார். பத்து வாங்கியது. எடுத்தது ஒன்றே ஒன்று, செவ்வாய்க்கிழமை, மரம் வெட்டும் மைத்துனனின் ரம்பத்துக்கு. இருப்பது ஒன்பது. கையில் இருப்பது பத்தாவது.

அலமாரியை நிமிர்ந்து பார்த்தார்.

இந்த இடத்தில் அந்தக் கிளிப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ரம்பத்தின் முன்கைப்பிடிக்கு முன்னால் ஒரு காப்பு இருக்கும். ரம்பம் உதைத்து முகத்தை நோக்கி எழும்பினால், பிடித்திருக்கும் கை அந்தக் காப்பில் மோதும், காப்பு சாயும், கண் இமைப்பதற்குள் சங்கிலி நின்றுவிடும். அதுதான் பிரேக். அந்தக் காப்பைத் தாங்குவது ஓர் இரும்பு முளை. முளை நழுவாமல் பிடித்திருப்பது இந்தக் கிளிப். கிளிப் இல்லாவிட்டாலும் முளை உடனே விழாது. இறுக்கமாகத்தான் உட்கார்ந்திருக்கும். ரம்பம் ஓட ஓட, அதிர்வில், நூலிழை நூலிழையாக வெளியே வரும். இரண்டு டாங்க் பெட்ரோல் தாங்கலாம். மூன்று தாங்கலாம்.

நாலரையிடம் ஒரு பழக்கம் உண்டு. கிளிப்பை ஒரு தடவைதான் மாட்டுவார். மாட்டிக் கழற்றிய கிளிப்புக்குப் பிடி தளர்ந்துவிடும் என்று அதைத் தூர எறிந்துவிடுவார். அதனால் பிரேக்கை ஓட்டிப் பார்த்து, சரி என்று மனம் ஒப்பிய பிறகுதான் கடைசியாகக் கிளிப். அதுவரைக்கும் அது எங்கே இருக்கும்? தையல்காரர் குண்டூசியை வைத்திருப்பதுபோல உதட்டிடுக்கில். "என்னைக்காவது முழுங்கித் தொலையப் போறீங்க" என்று மனைவி திட்டாத வாரம் இல்லை.

செவ்வாய்க்கிழமை பிரேக்கை மூன்று முறை ஓட்டிப் பார்த்தார். மூன்று முறையும் சங்கிலி சட்டென்று நின்றது. கிளிப் உதட்டில். அந்த நேரம் பார்த்து வாசலில் பலகை லாரி. லாரிக்காரன் பலகையை முனை முட்டும்படி தரையில் தள்ளிவிடப் போனான். "யோவ், மெல்ல! மெல்ல இறக்குய்யா!" என்று கத்திக்கொண்டே ஓடினார். ஒவ்வொரு பலகையாகக் கண்ணுக்கு நேரே பிடித்துக் கோணல் பார்த்து, இரண்டைத் திருப்பி அனுப்பி, அரை மணி கழித்து உள்ளே வந்தார். ஏற்கெனவே ஓட்டிப் பார்த்த ரம்பம்தானே. துடைத்தார். அலமாரியில் ஏற்றினார். வாய் காலியாக இருப்பது உறைக்கவே இல்லை. இப்போது நாக்கில் அந்த இரும்பின் ருசி தெரிந்தது.

ரம்பத்தை நேற்றுச் சாயங்காலமே மைத்துனன் வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

போன் போட்டார். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டார். மரத்தின் மேல் இருப்பவன் காதில் ஒலித்தடுப்பு; போன் கீழே சாப்பாட்டுப் பையில். தெரிந்ததுதான். இருந்தும் மூன்றாவது முறை போட்டார்.

மனைவி ஷெட் வாசலில் வந்து நின்றாள். "என்னங்க, முகமெல்லாம் இப்படி வேர்த்திருக்கு?"

"உன் தம்பி இன்னைக்கு எங்க?"

"பழைய ஸ்கூல் காம்பவுண்டுல. கூரை மேல சாஞ்ச மரம்னு சொன்னான். ஏன்?"

உள்ளங்கையை விரித்துக் காட்டினார். பதினோரு வருடம் இந்த ஷெட்டோடு குடித்தனம் செய்தவளுக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

"அவனோடதா?"

"அவனோடதுதான்."

ஸ்கூட்டர் சாவியை அவர் எடுத்தார். அவசரத்தில் சாவி துளையில் நுழையவில்லை. அவள் பிடுங்கிக்கொண்டாள். "பின்னால உக்காருங்க."

வழியில் சிக்னலில் நின்றபோது அவள் கேட்டாள்: "காலைல எத்தன மணிக்கு ஆரம்பிப்பான்?"

"எட்டு."

மணி பத்தேகால். அவர் மனதுக்குள் டாங்குகளை எண்ணினார். ஏறுவதற்கும் கயிறு கட்டுவதற்கும் முக்கால் மணி. ஒன்பதுக்கு முதல் டாங்க். இப்போது இரண்டாவது முடிந்திருக்கும். பச்சை விழுவதற்குள் அவள் வண்டியை நகர்த்திவிட்டாள். பின்னால் யாரோ ஹாரன் அடித்துத் திட்டினார்கள்.

பள்ளிக்கூடத் தெரு முனையிலேயே ரம்பத்தின் சத்தம் கேட்டது. அவர் பூட்டிய இஞ்சின். ஆயிரம் சத்தத்திலும் அடையாளம் தெரியும். நன்றாகத்தான் ஓடியது; நிறுத்திப் பார்க்க அவனுக்குத் தோன்றாது. அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது.

மரத்தைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள். மைத்துனன் முப்பதடி உயரத்தில் இடுப்புப் பட்டையில் சாய்ந்து நின்று, தோள் உயரத்தில் ஒரு தடித்த கிளையை அறுத்துக்கொண்டிருந்தான். கீழே கயிற்றைப் பிடித்திருந்த பெரிய உடம்புக்காரர், எல்லோருக்கும் கயிற்றண்ணன், நாடாவைத் தூக்கி உள்ளே நுழையப் போனவரை ஒரு கையால் மறித்தார்.

"நாலரை, உனக்கே தெரியாதா? மெஷின் ஓடும்போது உள்ள வரலாமா?"

"நிறுத்தச் சொல்லுங்கண்ணே. காப்புல கிளிப் இல்ல."

"என்னது?"

"என் தப்பு. பிரேக் காப்புக்கு நான் கிளிப் போடல. முளை எப்ப வேணா வந்துரும்."

கயிற்றண்ணன் மேலே பார்த்தார். கை தானாகக் கயிற்றை இறுக்கியது, ஆனால் நிறுத்தச் சொல்லிச் சுண்டவில்லை. "வெட்டு பாதி தாண்டிருச்சு. இப்ப நிறுத்தினா கிளை கிழிஞ்சு அவன் மேலயே திரும்பும்."

நாலரைக்கும் அது தெரியும். அறுபடும் கிளையைப் பாதியில் விடக்கூடாது. ரம்பம் ஓடுகிறவனைக் கத்திக் கூப்பிடக்கூடாது. திரும்பிப் பார்க்கிற ஒரு நொடி போதும். மனைவி "தம்பி" என்று வாயெடுத்தாள். அவர் அவள் தோளை அழுத்தினார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

செய்வதற்கு ஒன்றும் இல்லை. பார்த்துக்கொண்டு நிற்பதுதான்.

அவர் பார்த்தது ரம்பத்தில் சங்கிலி சுற்றி ஓடும் இரும்புப் பட்டையின் நுனியை மட்டும். நுனியின் மேல்பாதி எதிலாவது பட்டால்தான் ரம்பம் உதைக்கும். வெட்டுகிற கிளைக்குப் பின்னால், ஒரு சாண் தள்ளி, இன்னொரு சின்னக் கிளை இருந்தது. நுனி அதை நோக்கி இறங்கியது. நான்கு விரல் இடைவெளி. மூன்று விரல். அவருடைய அரை விரல், இல்லாத நுனிவரைக்கும், விண்விண்ணென்று தெறித்தது. மரத்தூள் அவர் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது; துடைக்கவில்லை. கிளிப்பைப் பிடித்திருந்த கையை இறுக்கியதில் அது உள்ளங்கையில் பதிந்தது.

இரண்டு விரல்.

கிளை முறிந்தது. கயிற்றில் தொங்கி ஆடியது. கயிற்றண்ணன் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கித் தரையில் கிடத்தினார். மேலே ரம்பம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மைத்துனன் அடுத்த கிளைக்குத் திரும்பினான்.

"இப்ப" என்றார் நாலரை.

கயிற்றண்ணன் சாமான் ஏற்றி இறக்கும் கயிற்றை இரண்டு முறை சுண்டினார். அவர்கள் பாஷையில் இரண்டு சுண்டு என்றால் நிறுத்து. சத்தம் அடங்கியது. தெருவில் ஒரு சைக்கிள் மணி கேட்டது.

"என்னண்ணே?" மேலிருந்து கோபக் குரல். அப்புறம் கீழே பார்த்தான். "மாமா? அக்கா? யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. மெஷினை கயித்துல இறக்கு மாப்ளே. நீயும் இறங்கு."

ரம்பம் கயிற்றில் சுழன்றுகொண்டே இறங்கியது. நாலரை அதைக் குழந்தையை வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கினார். முளை பாதிக்கு மேல் வெளியே வந்திருந்தது. காப்பைத் தொட்டார். தொங்குகிற பல்லைப்போல ஆடியது. இன்னும் ஒரு கிளை, அவ்வளவுதான்.

மைத்துனன் இறங்கி வந்து ஹெல்மெட்டைக் கழற்றினான். அதற்குள் வேலையாட்கள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். எண்ணெய் பார்க்க வந்தேன் என்று சொல்லி மூடிவிட்டிருக்கலாம். நாலரை உள்ளங்கையை நீட்டினார்.

"இது உன் மெஷினோடது. நான் போட மறந்துட்டேன். வாயில வச்சிருந்தேன், லாரிக்காரனைத் திட்டுறப்ப விழுந்திருக்கு."

மைத்துனன் கிளிப்பைப் பார்த்தான். முளையைப் பார்த்தான்.

"காப்பு லேசா ஆடிச்சு மாமா" என்றான் பிறகு. "காலைலயே பாத்தேன்."

"பாத்துட்டு ஏண்டா ஏறுன?" என்று சீறினாள் அக்கா.

"மாமா பூட்டினதாச்சே. அப்படித்தான் இருக்கணும்போலன்னு விட்டுட்டேன்."

திட்டியிருந்தால் நாலரை தாங்கியிருப்பார். அடித்திருந்தாலும் தாங்கியிருப்பார். இதைக் கேட்டதும் தரையில் கிடந்த கிளையின் மேல் உட்கார்ந்துவிட்டார். முழங்கால் சத்தம் போட்டது.

கயிற்றண்ணன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "ஒரு லாரிக்காரனைத் திட்டாம விட்டிருந்தா இவ்வளவு பேருக்கு வேலை கெட்டிருக்காது."

யாரோ சிரித்தார்கள். மைத்துனன் சிரிக்கவில்லை. நாலரை கிளிப்பை அங்கேயே மாட்ட எடுத்தபோது தடுத்தான். "இங்க வேண்டாம் மாமா. உங்க கை நடுங்குது. எடுத்துட்டுப் போங்க. மேசை முடியட்டும். அதுல வச்சு, என் கண்ணு முன்னாடி மாட்டுங்க."

அன்றைக்கு மீதி மரம் நின்றபடியே நின்றது.

நாலரை வீட்டுக்கு வந்து, விட்ட இடத்தில் தொடங்கினார். கடைசிக் காலை நிறுத்தினார். பலகைகளைப் போல்ட் போட்டு இறுக்கினார். சுவர் ஒட்டாத மூன்று பக்கமும் அரை அங்குலம் உயர்ந்து நிற்கும்படி விளிம்புச் சட்டம் பூட்டினார். எது உருண்டாலும் தரைக்குப் போகாது. காலண்டர் வரைபடத்தில் இல்லாத ஒன்றையும் சேர்த்தார். ரம்பம் உட்காரும் இடத்துக்கு நேர் முன்னால், பலகையில், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு குழி துளைத்தார். உள்பக்கத்தை உப்புத்தாளால் வழவழப்பாகத் தேய்த்து வெள்ளைப் பெயின்ட் அடித்தார். மாட்ட வேண்டிய கிளிப் இனி அதில்தான்; குழி காலியானால்தான் கிளிப் மாட்டியாயிற்று என்று அர்த்தம். ரம்பத்தைத் தூக்குகிறவன் கண் அந்த வெள்ளையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"அப்ப வாய்?" என்றாள் மனைவி.

"காலியா இருக்கும்."

"நல்லது. நான் கேக்குற கேள்விக்கு இனிமேலாவது பதில் வரும்."

சனிக்கிழமை மைத்துனன் வந்தான். அவன் பக்கத்தில் நிற்க, நாலரை நிமிர்ந்து நின்றபடி வேலை செய்தார். பிரேக்கை ஓட்டிப் பார்த்தார். குழியிலிருந்து ஒரு புதுக் கிளிப்பை எடுத்தார். முளையின் பள்ளத்தில் வைத்து அழுத்தினார். டிக். தரையில் கிடந்த கிளிப்பை அவர் பயன்படுத்தவில்லை. அதை மேசைக்கு மேலே, சுவரில், ஆணி அடித்து மாட்டியிருந்தார்.

மைத்துனன் ரம்பத்தைத் தூக்கவில்லை. ஆள்காட்டி விரலைக் குழிக்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றினான். வெறும் மரத்தூள். பிறகு காப்பை அசைத்துப் பார்த்தான். அதன் பிறகுதான் எடுத்தான்.

இன்றைக்கும் எப்போது வந்தாலும் அப்படித்தான். அவன் விரலைக் குழிக்குள் விட மறந்தால் நாலரை ரம்பத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு எடுக்க விட மாட்டார்.

"குழிய பாரு மாப்ளே" என்பார்.

"பூட்டினது நீங்கதான மாமா?"

"அதுக்குத்தான் சொல்றேன். பாரு."